இரண்டு ‘ஏலாது’



குடியைப் பற்றிய கட்டுரையைக் குடிக்கிறவர் வாசிப்பது அருமை. அவருடைய தாய் வாசிப்பார், மனைவி வாசிப்பார், படிக்கிற மகள் வாசித்துவிட்டுத் தகப்பன் கண்ணிற் படும்படி மேசையில் விரித்து வைப்பாள். ஆகவே இன்றைய பாடத்தை முதலில் வீட்டாருக்கென்றே எழுதுகிறோம். குடிக்கிறவர் தற்செயலாக வாசிக்க நேர்ந்தால், தம்மைத் திட்டுவதற்காக இதில் ஒரு வரியும் இல்லை என்பதை அவர் அறிந்துகொள்ளட்டும்.

நம் பாட்டன்மார் ஆதியாகமம் என்று சொன்ன தொடக்க நூலின் 9ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். வேதாகமத்தில் முதன்முதலாக வெறியில் கிடக்கும் மனிதரை அங்கே காண்கிறோம். அவர் ஊதாரியல்லர், துன்மார்க்கருமல்லர். தம் தலைமுறையில் நீதிமான் என்று பெயரெடுத்த நோவா. வெள்ளம் வடிந்து பேழையை விட்டு இறங்கியவர் முந்திரிகைத் தோட்டம் வைத்தார். அதன் இரசத்தைக் குடித்தார். ஆடை விலகிக் கூடாரத்திற் கிடந்தார். ஏன் குடித்தார் என்று வேதாகமம் சொல்லவில்லை. ஆனால் எதைக் கண்டு மீண்டவர் அவர் என்பதை நினைத்துப் பாருங்கள். அவர் அறிந்த ஊர், அயல், உறவு எல்லாம் தண்ணீருக்குள் போயிற்று. எட்டுப் பேர் மட்டுமே தப்பினார்கள். பேழையின் கதவைச் சாத்தியவர் ஆண்டவர் என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருந்தவருக்கு வெளியே நின்றவர்களுக்காக ஒன்றும் செய்ய இயலவில்லை. அப்படித் தப்பிய மனிதர் கரையேறிய பின் குடித்தார் என்பது நமக்கு வியப்பாக இருக்கக் கூடாது.

அச்சுவேலிக் குடும்பங்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. 1977இன் பின் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தாராளமாக இறக்கப்பட்டபோது, செம்மண் தோட்டக்காரர் தம் விளைச்சலின் விலை தம் கையில் இல்லை என்பதை முதலிற் கண்டார். பிறகு யுத்தம் வந்தது. 1995 ஒக்டோபரில் பலாலிப் பக்கமிருந்து இராணுவம் நகரத் தொடங்கியபோது முதலில் எழும்பிய ஊர்களில் அச்சுவேலியும் ஒன்று. அம்மாதம் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் மழையில், ஓரிரவில், தென்மராட்சியை நோக்கி நடந்தது. கைப்பிள்ளையையும் கிழவியையும் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன தகப்பன்மார் அன்று என்ன தீர்மானித்தார்கள்? ஒன்றுமில்லை. போ என்றார்கள், போனார்கள். 1996இல் திரும்பலாம் என்றபோது திரும்பினார்கள். வடக்கே வசாவிளான், பலாலிப் பகுதிகளில் 1990இல் காணியை விட்டு வந்தவர்களுக்கோ இருபது ஆண்டுகளுக்கு மேலும் திரும்ப வழியிருக்கவில்லை. சிலருக்கு இன்னும் இல்லை. காணாமற் போன பிள்ளைக்காக 2017 முதல் தெருவோரம் அமர்ந்த தாய்மாரை நாம் படத்திற் கண்டோம். அவர்களுடைய கணவன்மார் பலரை நாம் படத்திற் காணவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம் அவர்கள் இப்பாதிப்பை யுத்தம் நடந்த காலத்திலேயே இங்கிருந்து ஆராய்ந்தவர். 1998இலும் 2014இலும் அவருடைய இரு பெரிய நூல்கள் ஆங்கிலத்தில் வெளிவந்தன. யுத்தத்தின் காயம் தனியாள் மனதோடு நிற்பதில்லை, ஊருக்கே ஏற்படுகிறது என்பது அவர் வற்புறுத்திய கருத்து. ஒருவரையொருவர் நம்பாமை, வாய்திறவாமை, தாமாக ஒன்றிலும் இறங்காமல் பிறர் கையைப் பார்த்திருத்தல் ஆகியவற்றை அந்தக் காயத்தின் அடையாளங்களாக அவர் காட்டினார். குடியும் அவற்றோடு சேர்ந்தே வளர்ந்தது.

இந்த நிலைக்கு நம் பேச்சில் ஒரு சொல் இருக்கிறது: ஏலாது. “என்னாலை ஒண்டும் ஏலாது.” இதைச் சத்தமாகச் சொல்பவர் குறைவு. ஆண்பிள்ளை என்று வளர்க்கப்பட்டவர் சொல்லவே மாட்டார். சொல்லாத இந்தச் சொல்தான் போதைக்கு வாசல் என்பது இன்றைய பாடத்தின் முதற்பகுதி.

குடிக்கப் போகும் அந்தக் கணம்

கவலையை மறக்கக் குடிக்கிறார் என்று சொல்வோம். அது பாதி உண்மை. லான்ஸ் டோட்ஸ் என்ற அமெரிக்க உளமருத்துவர் 2002இல் வெளியிட்ட நூலில் மீதிப் பாதியைச் சுட்டிக் காட்டினார். அவரிடம் வந்த குடிநோயாளர் பலருக்கு மனப்பாரம் இறங்கியது குடித்த பின் அல்ல. குடிப்பதென்று முடிவு செய்த கணத்திலேயே இறங்கிவிட்டது. ஒரு துளியும் நாவிற் படுமுன்னரே ஆறுதல் வந்தால், அந்த ஆறுதலைச் சாராயம் தந்திருக்க முடியாதல்லவா?

ஒரு தோட்டக்காரரை எண்ணிக்கொள்வோம். காலையில் கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்கிறது. சந்தையில் வியாபாரி வெங்காயத்தை அவன் சொன்ன விலைக்கே எடுக்கிறான். மத்தியானம் வளர்ந்த மகன் எதிர்த்துப் பேசிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். ஒன்றுக்கும் அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல ஏலாது. பின்னேரம் நாலு மணிக்குச் சால்வையை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு, “தவறணைப் பக்கம் போட்டு வாறன்” என்கிறார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தெளிந்திருக்கும். மனைவி மறித்தாலும், சுவாமி வந்து மறித்தாலும் அவர் போவார். அன்றைய நாள் முழுவதிலும் அவர் தாமே எடுத்த ஒரே முடிவு அதுதான்.

டோட்ஸ் சொல்லும் விளக்கம் இதுவே. தாங்க முடியாத இயலாமை ஒருவரை மூடிக்கொள்ளும்போது, எதையாவது தானாகச் செய்துவிட வேண்டும் என்ற சீற்றம் உள்ளே எழுகிறது. செய்ய வேண்டியதை நேரே செய்ய வழியில்லை. வியாபாரியை எதிர்க்க முடியாது, கடன்காரனை அனுப்ப முடியாது. ஆகவே அந்தச் சீற்றம் தன் கைக்கெட்டிய வேறொன்றைச் செய்கிறது. ஒருவருக்குப் போத்தல், ஒருவருக்குச் சூது, இளைஞர் சிலருக்கு இப்போது கஞ்சாவும் ஐஸ் என்னும் நஞ்சும். இதை ஏற்றுக்கொண்டால் வீட்டில் நாள்தோறும் நடக்கும் இன்னொன்றும் விளங்கும். நாம் கெஞ்சக் கெஞ்ச, திட்டத் திட்ட, காசை ஒளிக்க ஒளிக்க அவர் ஏன் இன்னும் குடிக்கிறார்? அவர் கையில் மிஞ்சியிருக்கும் கடைசி முடிவையும் நாம் பறிக்க வருவதாக அவருடைய உள்ளம் கேட்கிறது.

இது வறுமையின் கதை மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ரொறன்ரோவிலிருந்தோ பாரிசிலிருந்தோ மாதாமாதம் காசு வரும் வீட்டுப் பெடியனைப் பாருங்கள். அவனுக்கு உடுப்பும் கைபேசியும் குறையில்லை. ஆனால் அவன் நித்திரையால் எழும்பாவிட்டால் நின்றுபோகும் வேலை என்று இந்த உலகத்தில் ஒன்றுகூட இல்லை. வீசா வரும், அண்ணன் கூப்பிடுவார் என்று ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிறான். அவனுடைய வாழ்வைப் பற்றிய முடிவுகள் வேறு நாட்டில் எடுக்கப்படுகின்றன. இதுவும் இயலாமையே. காசு அதை மூடுகிறது, மாற்றுவதில்லை.

வெளிநாட்டுச் சான்று ஒன்று. வியட்நாம் யுத்தத்தில் ஹெரோயினுக்கு அடிமையாகித் திரும்பிய அமெரிக்கப் படையினரை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் 1970களில் தொடர்ந்து சென்று விசாரித்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. மருந்து அதே மருந்து, உடல் அதே உடல். மாறியது அவர்கள் நின்ற இடம். அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. நம்மவர்களுக்கோ யுத்தம் வீட்டிலேயே நடந்தது.

பாவமா, நோயா?

இக்கேள்வியை நெடுநேரம் இழுக்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து. திருச்சபை மதுவைச் சபித்ததில்லை. பீடத்தில் இரசம் இருக்கிறது. தோமஸ் சுவாமி 1928இல் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசரின் ஆச்சிரமம் தவத்துக்குப் பெயர் பெற்றது. அதன் முந்திரிகை இரசமும் நெல்லிரசமும் யாழ்ப்பாணமெங்கும் பெயர் பெற்றவை. கண்டிக்கப்படுவது மட்டுமீறிய குடி. அது பாவமே. ஆனால் 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தன் 1735ஆம் எண்ணில், பழக்கமும் அச்சமும் மனநிலையும் சமூகச் சூழலும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும், சில வேளை முற்றாகவே நீக்கவுங்கூடும் என்று கற்பிக்கிறது. குடி முற்றிய ஒருவர் இன்பத்துக்காகக் குடிப்பதில்லை. கைநடுக்கத்தை நிறுத்தக் குடிக்கிறார். சுதந்திரத்தின் அடையாளமாக எடுத்த போத்தல் அதற்குள் எசமானாகிவிட்டது. எவ்வளவு பாவம் என்று அளப்பது அவருடைய ஒப்புரவு அருட்சாதனத்துக்கும் ஆண்டவருக்கும் உரிய காரியம். சாப்பாட்டு மேசையில் வைத்து அளக்க நமக்கு உத்தரவில்லை.

குளத்தருகே கிடந்தவர்

இனி யோவான் நற்செய்தியின் 5ஆம் அதிகாரம். பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாகப் படுக்கையிற் கிடந்தவரிடம் இயேசு முதலிற் கேட்டது வியப்பான கேள்வி: குணமாக விருப்பமா என்று. நாமாயிருந்தால், இதைக் கேட்க வேண்டுமா, தூக்கிக் குளத்தில் விடுங்கள் என்றிருப்போம். ஆண்டவர் கேட்டார். 38 ஆண்டுகளாக யாரும் கேட்டிராத ஒன்றை அவரிடம் கேட்டதாலேயே, விருப்பம் என்ற ஒன்று அவருக்கு இன்னும் உண்டு என்று காட்டினார். அந்த மனிதர் கேள்விக்கு நேரே பதில் சொல்லவில்லை. ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. தன்னைத் தூக்கிவிட ஆளில்லை, தான் போவதற்குள் வேறொருவன் இறங்கிவிடுகிறான் என்று முறையிட்டார். குடிநோயாளர் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இந்த முறைப்பாடு பழக்கமானது. இயேசு அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முறைப்பாட்டை ஆராயவும் இல்லை. செய்யக்கூடிய ஒன்றைச் செய்யச் சொன்னார்: எழு, படுக்கையை எடு, நட.

இங்கே ஓர் ஆய்வு ஞாபகத்துக்கு வருகிறது. செலிக்மன், மையர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர் 1967இல் தங்கள் பரிசோதனைகளை வெளியிட்டனர். தப்ப வழியில்லாமல் மின்னதிர்ச்சிக்கு உள்ளான நாய்கள், பிறகு ஒரு சிறு தடுப்பைத் தாண்டினாலே தப்பலாம் என்ற இடத்தில் விட்டபோதும் தாண்டாமற் சுருண்டு படுத்தன. இயலாமையை அவை கற்றுக்கொண்டன என்றார்கள். 2016இல் மூளை ஆய்வுகளைக் கொண்டு தங்கள் முடிவைத் தாங்களே திருப்பினார்கள். நீண்ட துன்பத்தின்போது செயலற்றுக் கிடப்பது உயிரின் இயல்பான நிலை. கற்றுக்கொள்ள வேண்டியது ‘ஏலும்’ என்பதைத்தான் என்றார்கள். முதற் பரிசோதனைகளிலேயே இன்னொன்றும் தெரிந்திருந்தது. படுத்த நாய்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அப்பால் இறைச்சி வைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. கழுத்துப் பட்டியிற் பிடித்துத் தடுப்புக்கு அப்பால் பல தடவை கொண்டுபோய் விட்ட பிறகே அவை தாமாகத் தாண்டத் தொடங்கின.

மனிதரை நாய்க்கு ஒப்பிடுவது நோக்கமல்ல. ஆனால் “போய் வைத்தியரைக் காட்டுங்கோ” என்று நூறு தரம் சொல்வதற்கும், சனிக்கிழமை காலை மச்சான் ஒருவர் வாசலில் வந்து நின்று “வா, நானும் வாறன், பஸ் வருகுது” என்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை இது காட்டுகிறது. குளத்தருகே கிடந்தவர் கேட்டதும் அந்த மச்சானைத்தான்.

இரண்டாவது ‘ஏலாது’

இதுவரை வாசித்தவருக்கு ஒரு சந்தேகம் எழ வேண்டும். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குச் சந்தைத் தரகரும் பொப் ஸ்மித் என்ற வைத்தியரும், இருவரும் குடிநோயாளர், சந்தித்ததில் பிறந்ததே அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் என்னும் ஏ.ஏ. இயக்கம். அதன் பன்னிரு படிகளில் முதலாவது, மதுவுக்கு முன் தாம் வலுவற்றவர் என்று ஒப்புக்கொள்வது. இயலாமைதான் குடிக்கத் தள்ளுகிறதென்றால், இயலாமையை ஒப்புக்கொள்வது எப்படிக் குணமாக்கும்? டோட்ஸ் அவர்களும் அந்த இயக்கத்தைக் கண்டித்து 2014இல் மற்றொரு நூல் எழுதினார்.

அவருடைய முதல் நூலை ஏற்கும் நாம் இரண்டாவதில் அவரோடு போக முடியவில்லை. ஏனெனில் ‘ஏலாது’ இரண்டு வகை. “என்னால் ஒன்றுமே ஏலாது” என்பது ஒன்று. “இதை என்னால் தனியே ஏலாது” என்பது மற்றொன்று. முதலாவது, மனிதன் தன் மனதுக்குள் யாருக்கும் கேளாமற் சொல்வது. இரண்டாவது, இன்னொருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது. முதலாவது சொல்பவரைத் தவறணைக்குக் கொண்டுபோகிறது. இரண்டாவது சொல்லும்போதே ஒரு செயல் நடந்துவிடுகிறது. கேட்க ஒருவர் வந்துவிடுகிறார். நாம் விரும்பாததையே செய்கிறோம் என்று உரோமையருக்கு எழுதிய 7ஆம் அதிகாரத்தில் புனித பவுல் முறையிடுவதும் இரண்டாவது வகையே. அவர் உடனே தம்மை விடுவிப்பவர் யாரென்று கேட்கிறார். அனுபவமும் இதற்குச் சாட்சி. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வு, குடியை முற்றாக விட்டு நிற்பதில் ஏ.ஏ. வழி மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, பலவற்றிலும் மேலானது என்று கண்டது.

அந்த இயக்கத்தின் தொடக்கத்தில் நம்மவர் இருவர் நின்றார்கள். 1940ஆம் ஆண்டு நவம்பரில், மழை பெய்த ஓரிரவில், ஊன்றுகோலோடு நியூயோர்க்கில் பில் வில்சனைத் தேடிப் போனவர் எட்வேட் டௌலிங் என்ற யேசுசபைக் குரு. பன்னிரு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளுக்கும் ஒற்றுமை கண்டே அவர் போனார். அவர் குடிநோயாளரல்லர், மூட்டு வாதத்தால் நடக்கச் சிரமப்பட்டவர். மற்றவர் அக்ரன் நகரின் புனித தோமையார் வைத்தியசாலையில் பணிபுரிந்த இஞ்ஞாசியா என்ற கன்னியாஸ்திரி. குடிகாரரை வைத்தியசாலைகள் வாசலோடு திருப்பியனுப்பிய காலத்தில், 1939இல், பொப் ஸ்மித்தோடு சேர்ந்து அவர்களை உள்ளே எடுத்தவர். குணமாகிப் போகிறவர் ஒவ்வொருவர் கையிலும் இயேசுவின் திரு இருதயச் சின்னமொன்றைக் கொடுப்பார். குடியாதே என்று சத்தியம் வாங்கவில்லை. குடிப்பதென்றால் முதலில் இதைக் கொண்டுவந்து என்னிடம் திருப்பித் தந்துவிட்டுக் குடி என்பார். அந்தச் சகோதரியின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள்! முடிவு அவன் கையிலேயே இருக்கிறது. ஆனால் இனி அது தனியே எடுக்கும் முடிவல்ல.

சத்தியம் என்றதும் டப்ளின் நகரத்துத் தொழிலாளி மற் டல்பொட் நினைவுக்கு வருகிறார். 1856இல் பிறந்தவர், பன்னிரண்டு வயதிற் குடிக்கத் தொடங்கியவர். 1884இல் ஒரு நாள் கையிற் காசில்லாமல் மதுச்சாலைக்கு வெளியே நின்றார். முன்பு அவர் காசிற் குடித்த நண்பர்கள் ஒருவரும் உள்ளே வா என்று கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போய்க் குடியை விடும் சத்தியம் செய்யப் போவதாகத் தாயிடம் சொன்னார். காக்க மனமிருந்தால் மட்டும் செய் என்றார் தாய். ஆயுளுக்கென்று அவர் சத்தியம் செய்யவில்லை. மூன்று மாதத்துக்குச் செய்தார். பிறகு ஆறு மாதம், அதன் பின்பே ஆயுள். தன் பலவீனத்தை அறிந்து, சட்டைப் பையிற் காசில்லாமலே தெருவில் நடந்தார். 1925இல் திருப்பலிக்குப் போகும் வழியில் இறந்தார். 1975இல் வணக்கத்துக்குரியவரென அறிவிக்கப்பட்டார். நம்மில் ஆலயத்தில் வைத்து “இனிச் சாகும்வரை தொடமாட்டேன்” என்று சத்தியம் வாங்குகிறோம். மூன்றாம் நாள் அது உடைந்தால் மனிதன் தன் ‘ஏலாது’க்கு இன்னொரு அத்தாட்சி பெற்றுவிடுகிறான். ஒரு நாளைக்குச் சத்தியம் வாங்குங்கள். மறுநாள் புதுப்பியுங்கள்.

வீட்டிலிருக்கும் உங்களுக்கு

தாய்மாரே, மனைவிமாரே, உங்களுக்கும் ஒரு ‘ஏலாது’ உண்டு. போத்தலைக் கண்டுபிடித்து ஊற்றினீர்கள். சம்பளத்தன்று வேலைத்தலத்து வாசலிற் போய் நின்றீர்கள். மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தீர்கள். வேலைக்கு வராததற்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னீர்கள். உங்கள் வாழ்வு முழுவதும் அவருடைய குடியைச் சுற்றியே சுழல்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிசும் இதை உணர்ந்தே 1951இல் அல்-அனோன் என்னும் குடும்பத்தார் இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். அவருடைய குடியை நீங்கள் உண்டாக்கவில்லை. உங்களால் அதை நிறுத்தவும் ஏலாது. இதை ஏற்றுக்கொள்வது கைவிடுவதல்ல. உங்கள் கையில் உள்ளவற்றுக்கு, அதாவது பிள்ளைகளின் படிப்பு, உங்கள் உடல்நலம், வீட்டின் அமைதி ஆகியவற்றுக்குத் திரும்புவதாகும்.

நோவாவின் வீட்டுக்கு மீண்டும் வருவோம். தகப்பன் கிடந்த கோலத்தைக் கண்ட காம் வெளியே போய்ச் சகோதரருக்குச் சொன்னான். சேமும் யாப்பேத்தும் மேலாடையொன்றைத் தோளிற் போட்டுப் பின்புறமாக நடந்து போய்த் தகப்பனை மூடினார்கள். குடித்தவரை ஒழுங்கையில் நின்று அவமானப்படுத்துவது, பிள்ளைகள் முன் பழைய கதை எடுப்பது, மணவீட்டில் எல்லார் முன்னும் “இவருக்கு ஊத்தாதேங்கோ” என்பது ஆகியவை காமின் வழி. அவை முதலாவது ‘ஏலாது’வை வளர்க்கின்றன. ஆனால் மூடுவது என்றால் குடியை மறைப்பதல்ல, அடியை மறைப்பதுமல்ல. அடிக்கிறவரைப் பொறுத்துக்கொள்வது சிலுவை சுமப்பதாகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்காகவே இருக்கிறது. தாய் வீட்டுக்கோ பங்குத் தந்தையிடமோ பொலிசிடமோ போவது பாவமல்ல. வெறி தெளிந்த நோவா செய்த முதற்காரியம் சபித்தது. அந்தச் சாபம் விழுந்தது பேரன் கானான்மேல் என்பதையும் மறக்க வேண்டாம். குடியின் கடனைச் சிறு பிள்ளைகளே கட்டுகிறார்கள்.

சிறிய காரியங்கள் சில. வெறியில் இருக்கும்போது எதுவும் பேச வேண்டாம். விடிந்து தேநீர் குடிக்கும்போது, குற்றப்பத்திரிகை வாசிக்காமல், கண்ட ஒன்றை மட்டும் சொல்லுங்கள். வீட்டில் அவரையன்றி நடவாத காரியம் ஒன்றை அவருக்கென்று விடுங்கள்: தோட்டத்துத் தண்ணி முறை, மகளின் பாடசாலைக் கூட்டம், எதுவாயினும். பின்னால் நின்று சரி பார்க்காதீர்கள். பங்கிலும் அப்படியே. பெருநாளுக்குப் பந்தல் போடவும் கூடு தூக்கவும் ஆள் தேடும்போது “அவரா? பார்ப்போம்” என்று தள்ளிவிடுவது வழக்கம். அச்சுவேலி ஆலயத்தின் பாதுகாவலரான புனித சூசையப்பர் குழந்தையையும் தாயையும் எழுப்பிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்கு இடம்பெயர்ந்தவர். ஏரோதை அவரால் ஒன்றும் செய்ய ஏலாது. கழுதைக்குச் சேணம் கட்டுவது போன்ற அடுத்த வேலையை மட்டும் அவர் செய்திருப்பார்.

ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்காக நாள்தோறும் அதிகம் குடித்தவரை வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்தச் செய்யாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாததைக் காணும் பிரமை ஏற்படலாம். உயிருக்கும் ஆபத்து உண்டு. இதை மனவுறுதிக் குறைவென்று எண்ண வேண்டாம். தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. மருந்தோடு பாதுகாப்பாக நிறுத்துவார்கள். யாரிடம் தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். விட்டவர் மீண்டும் ஒரு நாள் குடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று எண்ணாதீர்கள். குணமானவர் படுக்கையைச் சுமந்து போனபோது, ஓய்வு நாளில் இதை ஏன் தூக்குகிறாய் என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். விட்டவரைக் கண்டு “எத்தனை நாளைக்குப் பார்ப்போம்” என்கிற அயலவர் இன்றும் இருக்கிறார்கள்.

இவ்வாரம் ஒரு மாலை, செபமாலைக்குப் பின், யோவான் 5ஆம் அதிகாரம் முதல் 15 வசனங்களை வீட்டில் வாசியுங்கள். நம் வீட்டில் யார் எதைப் பற்றி ‘ஏலாது’ என்று சொல்லாமல் வைத்திருக்கிறார்கள், கடைசியாக யாரிடம் எப்போது விருப்பம் கேட்டோம் என்று பிள்ளைகளும் கேட்கப் பேசுங்கள். குடிக்கிறவர் செபத்துக்கு வந்திருந்தால் இக்கேள்விகளை அவரிடம் முதலிற் கேட்க வேண்டாம். நற்செய்தியை வாசிக்கும் பொறுப்பை மாத்திரம் அன்று அவரிடம் கொடுங்கள்.